'கொள்ளிடம்' ஒண்ணுதான், கம்ப்யூட்டருக்கு ரெண்டு: ஏ.ஐ ஏஜென்ட் கையில் ஹேஷ் டூல் கொடுக்கும் முன் என்ன எழுதணும்?

டெல்டாவில் வடகிழக்குப் பருவமழை வலுத்தால் முதலில் நிறைவது வாய்க்கால். அடுத்தது போன் கேலரி. மூழ்கிய சம்பா, தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட்ட நெல், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதக் கருவி காட்டிய எண் என்று எல்லாமே படமாகிவிடுகிறது. 17 சதவீதம் என்பது வழக்கமான ஈரப்பத வரம்பு. 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழைக்குப் பிறகு மத்திய அரசு அதை 20 வரை தளர்த்தியது. அந்த மூன்று சதவீத இடைவெளியில் ஒரு குடும்பத்தின் ஒரு போகம் நிற்கும். அதனால்தான் கருவியின் திரையைக்கூட யாராவது ஒருத்தர் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்.

இந்தப் படங்களுக்கு மதிப்பு கூடிக்கொண்டே போகிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வயலில் தண்ணீர் தேங்கி நெற்பயிர் அழிவது 2018-ல் தனிவயல் இழப்புப் பிரிவிலிருந்து எடுக்கப்பட்டது. 2026 காரீஃப் பருவத்திலிருந்து அதை மீண்டும் சேர்ப்பதாக மத்திய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. 72 மணி நேரத்துக்குள், இடக்குறியீடு உள்ள படங்களோடு ஆப் வழியாகத் தகவல் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அதாவது, படம்தான் சாட்சி.

சாட்சின்னு வந்துட்டா, "இது நீங்க எடுத்த அதே படம்தானா, நடுவுல யாராவது கை வச்சாங்களா?" என்ற கேள்வியும் வரும். அதற்கு விடை சொல்லும் சின்னக் கணக்குதான் ஹேஷ். இந்தக் கணக்கைப் போடுவது, ஃபைலைச் சரிபார்ப்பது, படிவத்தில் நிரப்புவது போன்ற வேலைகளை இப்போது மெல்ல மெல்ல ஏ.ஐ ஏஜென்ட்டுகளிடம் தள்ளிவிட ஆரம்பித்திருக்கிறோம். ஏஜென்ட்டுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதற்கென ஒரு டூல் கொடுக்க வேண்டும், அந்த டூலைப் பற்றி நாலு வரி எழுதியும் கொடுக்க வேண்டும். நாலு வரியில் ஒரு வரி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஹேஷ்னா என்ன?

களத்துமேட்டில் தூற்றிக் குவித்த நெல்லின் மேல் சாணிப்பால் குறி போடும் பழக்கம் பற்றி வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சாணியைக் கரைத்துக் குவியலின் மேல் கோடு இழுத்துவிடுவார்கள். ராத்திரி யாராவது ஒரு மரக்கால் அள்ளினாலும் நெல் சரியும், கோடு கலையும். அந்தக் கோடு நெல்லைப் பூட்டி வைக்கவில்லை, திருடனைத் தடுக்கவும் இல்லை. "தொட்டிருக்காங்க" என்று காலையில் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான்.

இதையே இன்னும் கெட்டியாகச் செய்தவர்கள் சோழர்கள். நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரை ராஜராஜன் கொடையாகத் தந்ததைச் சொல்லும் பெரிய லெய்டன் செப்பேட்டில் 21 ஏடுகள். நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனதால் அந்தப் பெயர். 21 ஏடுகளையும் ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் வாயை அரச முத்திரையால் அடைத்திருக்கிறார்கள். நடுவில் ஒரு ஏட்டை உருவவோ சொருகவோ வேண்டுமானால் வளையத்தை வெட்டியாக வேண்டும். வெட்டினால் தெரிந்துவிடும்.

ஹேஷும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. ஒரு ஃபைலை உள்ளே போட்டால் ஒரு நீளமான எண் வெளியே வரும். இன்று அதிகம் புழங்குவது ஷா-256. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2001-ல் வெளியிட்ட குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரு வரிக் குறுஞ்செய்தியைப் போட்டாலும் சரி, ஒரு மணி நேர வீடியோவைப் போட்டாலும் சரி, வெளியே வருவது 64 எழுத்துதான். 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும், ஆங்கிலத்தில் ஏ முதல் எஃப் வரையிலான எழுத்துகளும் கலந்து இருக்கும். அதே ஃபைலை எந்தக் கம்ப்யூட்டரில், எந்த வருஷம் போட்டாலும் அதே 64. ஃபைலில் ஒரே ஒரு பிட் மாறினால் போதும், விடையின் 256 பிட்டுகளில் ஏறக்குறைய பாதி மாறிவிடும். விடையை வைத்துக்கொண்டு ஃபைலைத் திரும்ப வரவழைக்க முடியாது.

இங்கே பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. ஹேஷ் என்பது படம் உண்மையா என்று சொல்லாது. போன வருஷத்து வெள்ளப் படத்தை இன்று ஹேஷ் போட்டாலும் ஒழுங்கான 64 எழுத்து வரும். எப்போது எடுத்தது, யார் எடுத்தது என்றும் சொல்லாது. "ஹேஷ் போட்ட நிமிஷத்திலிருந்து இது மாறவில்லை" என்ற ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்லும். இன்னொன்று: படமும் ஹேஷும் ஒரே ஆளிடம் இருந்தால் பிரயோஜனம் இல்லை. படத்தை மாற்றிவிட்டு ஹேஷையும் புதுசாகப் போட்டுக்கொள்ளலாமே! சாணிப்பால் குறியைப் போட்டவரே நெல்லை அள்ளினால் என்ன செய்வது? அதனால்தான் ஹேஷை எதிர்த்தரப்பிடமோ மூன்றாவது ஆளிடமோ முன்கூட்டியே கொடுத்து வைக்க வேண்டும்.

சட்டம் கேட்கிறது

2024 ஜூலை 1 முதல் இந்திய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறைக்கு வந்தது. மின்னணுப் பதிவுகளை நீதிமன்றத்தில் வைப்பது பற்றிப் பேசுவது 63-வது பிரிவு. பழைய சட்டத்தின் 65பி பிரிவிலும் சான்றிதழ் தேவைதான். அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-ல் உறுதிசெய்தது. புதிய சட்டத்தில் மாறியது, சான்றிதழுக்கு ஒரு படிவமே அட்டவணையாக இணைக்கப்பட்டிருப்பது. அதில் ரெண்டு பகுதி: ஒன்று பதிவைத் தாக்கல் செய்பவர் நிரப்ப, இன்னொன்று நிபுணர் நிரப்ப. இரண்டிலும் ஹேஷ் மதிப்பு கேட்கப்படுகிறது. எந்த முறையில் போட்டது என்று குறிக்க ஷா-1, ஷா-256, எம்.டி-5, மற்றவை எனக் கட்டங்களும் இருக்கின்றன.

கொஞ்சம் உறுத்தும் இடம் இது. எம்.டி-5 என்பது 1990-களின் தொடக்கத்தில் வந்தது. 2004-லேயே சீன ஆய்வாளர் வாங் ஷியாவ்யுன் குழு, ஒரே எம்.டி-5 விடை தரும் இரண்டு வெவ்வேறு தரவுகளை உருவாக்கிக் காட்டிவிட்டது. ஷா-1 கதை 2017 பிப்ரவரியில் முடிந்தது. ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, உள்ளடக்கம் வேறு, ஷா-1 மட்டும் ஒன்று என இரண்டு பி.டி.எஃப்-களை வெளியிட்டன. 2030 முடிவதற்குள் ஷா-1-ஐக் கைவிடச் சொல்லிவிட்டது நிஸ்ட். சட்டப் படிவத்தில் கட்டம் இருக்கிறது என்பதற்காக அதை டிக் அடிக்க வேண்டியதில்லை. ஷா-256 கட்டம் பக்கத்திலேயே இருக்கிறது.

இதை மனிதருக்குச் சொன்னால் ஒரு தடவையில் புரியும். ஏஜென்ட்டுக்கு? நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் தெரியும். டூல் மூன்று முறையையும் ஆதரிக்கிறது, குறிப்பில் "முறையைத் தேர்ந்தெடுக்கவும்" என்று மட்டும் இருக்கிறது என்றால், எம்.டி-5 பெயர் இணையமெங்கும் இறைந்து கிடப்பதால் அது எம்.டி-5 பக்கம் சாயவும் வாய்ப்பு உண்டு.

ஏஜென்ட் ஏன் தானே போடக் கூடாது?

சாட்பாட்டிடம் "இந்த வாக்கியத்துக்கு ஷா-256 போடு" என்று கேட்டுப் பாருங்கள். டூல் இணைக்காத மாடல் என்றால் சில சமயம் "என்னால் முடியாது" என்கும். சில சமயம் அழகாக 64 எழுத்தை அடுக்கிக் கொடுக்கும். பார்க்க அச்சு அசல் ஹேஷ் மாதிரியே இருக்கும், ஆனால் பொய்.

காரணம் எளிது. மொழி மாடல் அடுத்து என்ன சொல் வரும் என்று ஊகித்துக்கொண்டே போகும் இயந்திரம். ஷா-256-ல் ஊகத்துக்கு இடமே இல்லை. தரவை 512 பிட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் 64 சுற்று அரைக்கும். ஒரு சுற்றில் ஒரு பிட் தவறினால் மொத்தமும் குப்பை. இதில் ஒரு பொறி வேறு உண்டு: ஆங்கிலத்தில் 'ஹலோ' என்ற சொல்லின் ஹேஷ் போன்ற பிரபலமான விடைகள் இணையத்தில் நிறைய இருப்பதால் மாடலுக்கு அவை மனப்பாடமாகவே இருக்கலாம். 'ஹலோ' போட்டுச் சோதித்துவிட்டு "பரவாயில்லையே, இதுக்கு ஹேஷ் தெரியுது" என்று நம்பிவிடுவோம். அடுத்து உங்கள் ஊர் அடங்கலைக் கொடுக்கும்போது அது கதை விடும்.

அதனால்தான் டூல். 2023 ஜூனில் ஓப்பன் ஏ.ஐ தன் மாடல்களுக்கு வெளி நிரல்களை அழைக்கும் வசதியைத் திறந்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக், டூல்களையும் ஏஜென்ட்டுகளையும் இணைக்க எம்.சி.பி என்ற பொது நெறியை வெளியிட்டது. எந்த வழியில் போனாலும் மாடலுக்குக் கிடைப்பது மூன்று விஷயம்: டூலின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்ன உள்ளீடு கொடுக்க வேண்டும் என்ற ஜேசான் வடிவ அமைப்பு. கோடு எதையும் அது பார்ப்பதில்லை. விளக்கம்தான் அதற்கு எல்லாமே.

மனிதர்களுக்காக எழுதும் டாக்குமென்டேஷனுக்கும் இதற்கும் வித்தியாசம் இங்கேதான். நமக்குச் சந்தேகம் வந்தால் டெர்மினலைத் திறந்து ரெண்டு தடவை ஓட்டிப் பார்ப்போம், பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேட்போம். ஏஜென்ட், கொடுத்த நாலு வரியை வைத்துக்கொண்டு முழு நம்பிக்கையோடு கிளம்பிவிடும். சொல்லாமல் விட்டதைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும்.

எங்கே சறுக்கும்?

ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், உறுப்பினர்கள் அனுப்பும் பயிர்ச் சேதப் படங்களை ஏஜென்ட் வழியாகப் பதிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹேஷ் டூலில் ஒரே ஓர் உள்ளீட்டுப் பெட்டி இருக்கிறது, அதன் பெயர் 'இன்புட்'. ஏஜென்ட் என்ன செய்யும்? படத்தின் உள்ளடக்கத்தைக் கொடுப்பதற்குப் பதில் படத்தின் பெயரைக் கொடுத்துவிடும். டூலும் அந்தப் பெயரை ஒரு வாக்கியமாக எடுத்துக்கொண்டு ஒழுங்காக ஹேஷ் போட்டுத் தரும். பிழைச் செய்தி எதுவும் வராது. 300 படங்களுக்கு 300 ஹேஷ் பதிவாகிவிடும், ஒன்றுகூடப் படத்தினுடையதாக இருக்காது. இது வெளியே தெரிவது எப்போது என்றால், காப்பீட்டுத் தகராறில் யாராவது சரிபார்க்கும்போது. அதனால் எழுத்து உள்ளீட்டுக்கு ஒரு டூல், ஃபைலுக்கு வேறொரு டூல் என்று பிரித்துவிடுவது நல்லது. பிரிக்க முடியாவிட்டால் உள்ளீட்டின் பெயரிலேயே வித்தியாசம் தெரிய வேண்டும்.

இன்னொரு சறுக்கல், வெற்று ஃபைல். சிக்னல் சரியில்லாமல் படம் முழுதாக ஏறவில்லை, சர்வரில் இருப்பது பூஜ்யம் பைட் ஃபைல். ஒன்றுமில்லாததற்கும் ஷா-256 உண்டு. அது ஈ3பி0சி442 என்று ஆரம்பிக்கும். உலகத்தில் எந்த வெற்று ஃபைலுக்கும் இதே விடைதான். உங்கள் பதிவேட்டில் இந்த ஆரம்பம் திரும்பத் திரும்ப வந்தால், அத்தனை பேரின் படமும் ஏறவே இல்லை என்று அர்த்தம். டூல் எத்தனை பைட் படித்தது என்பதையும் விடையோடு சேர்த்துத் தர வேண்டும், பூஜ்யம் என்றால் பிழை என்றே சொல்ல வேண்டும். இதைக் குறிப்பிலும் எழுத வேண்டும். இல்லையென்றால் ஏஜென்ட் "வெற்றிகரமாகப் பதிவு செய்யப்பட்டது" என்று உறுப்பினருக்கு மெசேஜ் தட்டிவிடும்.

ஒப்பிடும் வேலையையும் மாடலிடம் விடக் கூடாது. இரண்டு 64 எழுத்துச் சரங்களைப் பார்த்து "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்வதில் அது தடுமாறலாம். நடுவில் ஓர் எழுத்து வேறாக இருந்தால் நமக்கே கண்ணில் படாது. 'சரிபார்' என்று தனியாக ஒரு செயல் இருந்து, அது பொருந்துகிறது அல்லது பொருந்தவில்லை என்று மட்டும் சொல்ல வேண்டும். விடையைச் சுருக்காதே, திரும்ப டைப் செய்யாதே, அப்படியே எடுத்து வை என்றும் எழுதிவிட வேண்டும். எட்டு எழுத்துக்குப் பிறகு மூன்று புள்ளி வைத்து 'அழகாக'க் காட்டுவது சாட்பாட்டுகளின் பழக்கம். படிவத்தில் புள்ளி வைக்க முடியாது.

அடுத்து தனியுரிமை. "மொபைல் நம்பரை ஹேஷ் பண்ணிச் சேமிச்சிட்டோம், இனி யாருக்கும் தெரியாது" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்திய மொபைல் எண் பத்து இலக்கம், 6 முதல் 9-க்குள் தொடங்கும். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். கேம் விளையாடும் கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பல நூறு கோடி ஷா-256 போடும். எல்லா எண்களுக்கும் ஹேஷ் போட்டு, எது பொருந்துகிறது என்று பார்க்கச் சில நொடிகள் போதும். புல எண், ஈரப்பத அளவு என்றால் அதைவிடச் சுலபம். மறைக்க வேண்டும் என்றால் ரகசியச் சாவி சேர்த்துக் கணக்கிடும் ஹெச்மேக் போன்ற வேறு வழி வேண்டும். "தனிநபர் விவரத்தை மறைக்க இந்த டூலைப் பயன்படுத்தாதே, பாஸ்வேர்டு சேமிக்கவும் பயன்படுத்தாதே" என்று குறிப்பில் ஒரு வரி கட்டாயம். எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பதை எழுதுவதில்தான் பெரும்பாலான டூல் குறிப்புகள் கஞ்சத்தனம் காட்டுகின்றன.

ஒரு கொள்ளிடம், ரெண்டு ஹேஷ்

தமிழ்ல வேலை செய்யும் ஏஜென்ட்டுகள் சந்திக்கும் சிக்கலுக்கு வருவோம்.

'கொள்ளிடம்' என்று எழுதுகிறோம். 'கொ' என்ற எழுத்தைக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு விதமாக வைக்கலாம். 'க'-வுக்குப் பிறகு 'ஒ'கரக் குறி என்ற ஒரே குறியீடு ஒரு வழி. 'க', பிறகு ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று இரண்டு குறிகளாகப் பிரித்து வைப்பது இன்னொரு வழி. யூனிகோட் இரண்டையும் சமம் என்றே சொல்கிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் யூ.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். முதல் வழியில் கொள்ளிடம் 9 குறியீடு, 27 பைட். இரண்டாம் வழியில் 10 குறியீடு, 30 பைட். பைட் வேறு என்றால் ஹேஷும் முழுக்க வேறு. ஹேஷுக்குத் தமிழ் தெரியாது, பைட் மட்டும்தான் தெரியும்.

எந்த வழி வரும் என்பது கீபோர்டையும் சாஃப்ட்வேரையும் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கன்வெர்ட்டரையும் பொறுத்தது. தமிழ்நாட்டில் இந்தப் பின்னணி பெரிசு. டாப், டாம், டிஸ்கி, பாமினி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் பல வருஷம் டைப் செய்திருக்கிறோம். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான் யூனிகோடைத் தரமாகவும், டேஸ்-16-ஐ மாற்று வழியாகவும் மாநில அரசு ஆணையிட்டது. அதற்கு முந்தைய ஆவணங்களை மாற்றும்போது எந்தக் கன்வெர்ட்டர் எப்படி மாற்றியது என்று யார் கண்டது?

கொரடாச்சேரி, கோவிலூர், பொறையார், தோப்புத்துறை என டெல்டா ஊர்ப் பெயர்களில் கொம்புக்கும் காலுக்கும் பஞ்சமே இல்லை. பயனாளி பெயரையும் ஊரையும் சேர்த்து ஹேஷ் போட்டு, "இந்த ஆள் ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறாரா?" என்று பார்க்கும் அமைப்பில், ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். அல்லது இருக்கிற ஆளை 'இல்லை' என்று சொல்லிவிடும். நிவாரணப் பட்டியலில் இது நடந்தால் விளக்கம் சொல்ல ஏஜென்ட் வராது. இ-சேவை மையத்து கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைதான் திட்டு வாங்கும்.

இதற்கு மருந்து உண்டு. ஹேஷ் போடும் முன் என்.எஃப்.சி என்ற யூனிகோட் சீராக்க முறையில் எழுத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பிரிந்திருக்கும் கொம்பையும் காலையும் அது சேர்த்துவிடும். ஆனால் அது எல்லாவற்றையும் குணப்படுத்தாது. திருவாரூர் மாவட்டத்து ஸ்ரீவாஞ்சியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்ரீ' என்பதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 2005-ல் யூனிகோட் 4.1-ல் வந்த இன்னொரு ஷகர எழுத்தை வைத்தும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். என்.எஃப்.சி இவற்றை ஒன்றாக்காது, ஏனென்றால் யூனிகோட் கணக்கில் அவை வேறு வேறு எழுத்துகள். ஸ்ரீனிவாசன்களும் ஸ்ரீதேவிகளும் நிறைந்த பட்டியலுக்கு இதைத் தனியாகக் கையாள வேண்டும். 'கௌ' எழுதும்போது கடைசியில் ள-கரத்தைத் தட்டிவிடும் பழக்கமும் இந்த வகைதான்.

இந்த மருந்தை எல்லா இடத்திலும் போடவும் கூடாது. பெயர்ப் பொருத்தத்துக்கு சீராக்கம் வேண்டும். ஆதாரமாக வந்த ஃபைலுக்கோ கூடவே கூடாது. அங்கே இருக்கிற பைட்டை இருக்கிறபடியே ஹேஷ் போட வேண்டும், கடைசியில் இருக்கும் ஒரு வெற்று வரியைக்கூட நீக்கக் கூடாது. 'உதவி செய்கிறேன்' என்று ஏஜென்ட் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு ஹேஷ் போட்டால் செப்பேட்டு வளையத்தை வெட்டியது போலத்தான்.

அப்போ எப்படி எழுதலாம்?

தமிழில் ஒரு மாதிரி இதோ. நடைமுறையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள், தமிழுக்கு டோக்கன் செலவு அதிகம் என்பதும் ஒரு காரணம். ஆனால் அலுவலகத்தில் இதைச் சரிபார்க்க வேண்டியவர் தமிழில் படிப்பவர் என்றால், ஒரு தமிழ்ப் பிரதி பக்கத்தில் இருப்பது நல்லது என்பது என் கருத்து.

"ஃபைல் ஹேஷ்: சேமிக்கப்பட்ட ஒரு ஃபைலின் பைட்டுகளுக்கு ஷா-256 கணக்கிடும். ஃபைல் மாறியிருக்கிறதா என்று அறிய மட்டும் பயன்படுத்து. ஃபைலின் அடையாள எண்ணைக் கொடு. பெயரையோ உள்ளடக்கத்தையோ ஒட்டாதே. ஹேஷை ஒருபோதும் நீயாக எழுதாதே. இந்த டூல் தந்ததை மட்டும் முழுதாகப் பதிவு செய். விடையில் ஹேஷ், முறையின் பெயர், படித்த பைட் எண்ணிக்கை மூன்றும் வரும். பைட் 0 என்றால் பிழை. பதிவு செய்யாமல் பயனரிடம் படத்தை மீண்டும் கேள். இரண்டு ஹேஷ்களை ஒப்பிட 'சரிபார்' டூலை அழை. பொருந்தவில்லை என்றால் மோசடி என்று முடிவு கட்டாதே. செயலிகள் படத்தைச் சுருக்குவதாலும் இது நேரும். படம் உண்மையானது என்றோ, இன்ன தேதியில் எடுக்கப்பட்டது என்றோ இந்த விடையை வைத்துச் சொல்லாதே."

'மோசடி என்று முடிவு கட்டாதே' என்ற வரிக்குக் காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஹேஷ் மாறிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மாறாது. கூகுள் போட்டோஸில் 'ஸ்டோரேஜ் சேவர்' போட்டிருந்தாலும் அங்கே ஏறுவது மூலப் படம் அல்ல. ஐபோன் படத்தை வேறு வடிவத்துக்கு மாற்றினாலும் அதே கதை. வயலில் நின்று நேர்மையாகப் படம் எடுத்த ஒருத்தர், மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, மகன் அதை ஏற்றியிருப்பார். ஏஜென்ட் "ஆவணம் திருத்தப்பட்டுள்ளது" என்று எழுதிவிட்டால் அந்த வார்த்தையைத் திரும்ப எடுப்பது கஷ்டம். மூலப் படம் போனிலேயே இருக்கட்டும், அழிக்காதீர்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லி வைப்பது ஏஜென்ட்டைவிட முக்கியமான வேலை.

குறிப்பையே மாற்றிவிட்டால்?

ஏஜென்ட் குறிப்பை நம்பித்தான் இயங்குகிறது என்றால், குறிப்பில் விஷம் வைக்கலாமே? 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் இதைத்தான் காட்டியது. எம்.சி.பி டூல் ஒன்றின் விளக்கத்துக்குள், பயனர் கண்ணில் படாதபடி, "இந்த ரகசிய ஃபைலையும் படித்து அனுப்பு" என்ற மாதிரியான கட்டளையை ஒளித்து வைத்தால் மாடல் அதற்குக் கீழ்ப்படிந்துவிடும். இன்ஸ்டால் செய்யும்போது நல்ல குறிப்பு, அனுமதி வாங்கிய பிறகு வேறு குறிப்பு என்று மாற்றும் தந்திரமும் உண்டு. அவர்கள் சொன்ன தற்காப்புகளில் ஒன்று, டூலையும் அதன் விளக்கத்தையும் ஹேஷ் எடுத்துப் பூட்டி வைத்துக்கொண்டு, அடுத்த தடவை ஓட்டும் முன் அதே ஹேஷ்தானா என்று பார்ப்பது. ஹேஷ் டூலின் குறிப்புக்கும் ஹேஷ் வேண்டியிருக்கிறது!

தமிழ்நாட்டில் இதற்கான தளம் புதிதல்ல. 2020 செப்டம்பரில் பிளாக்செயின், பாதுகாப்பான ஏ.ஐ, சைபர் பாதுகாப்பு என மூன்று கொள்கைகளை மாநில அரசு வெளியிட்டது. பிறகு வந்த 'நம்பிக்கை இணையம்' என்ற பிளாக்செயின் அடித்தளத்தின் மேல்தான் சான்றிதழ்களைப் பாதுகாக்கும் இ-பெட்டகம் ஆப் நிற்கிறது. பிளாக்செயின் என்பதே ஹேஷ்களை ஒன்றோடொன்று கோத்த சங்கிலி. நெல் கொள்முதல் ரசீதும் பயிர்ச் சேதப் படமும் இந்த மாதிரி ஓரிடத்தில் ஹேஷாகப் பதிவாக வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசை இல்லை.

அதுவரை, உங்கள் அலுவலகத்தில் யாராவது ஹேஷ் டூலை ஏஜென்ட்டோடு இணைத்தால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஆங்கில 'ஹலோ'வை விட்டுவிட்டு, 'கொள்ளிடம்' கொடுங்கள். படித்த பைட் 27 என்று வருகிறதா என்று பாருங்கள். 30 வந்தால் கொம்பும் காலும் பிரிந்து கிடக்கின்றன. 28 வந்தால் கடைசியில் ஒரு என்டர் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். பைட் எண்ணிக்கையே சொல்லாமல் 64 எழுத்தை மட்டும் நீட்டினால், டூலை அழைத்த பதிவைத் திறந்து பாருங்கள், அழைக்கவே இல்லாமலும் இருந்திருக்கலாம்.